ஐஸ் பெட்டிக்குள் ஒரு பூ

14-8-1994, ஞாயிறு

ஆபீஸ் தோழி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்த பாலிமர் களிமண், சுட்டால் கெட்டியாகிற கலர் களிமண், ஒரே ஒரு பாக்கெட். இங்கே எங்கும் கிடைக்காது. இன்று மஞ்சள் களிமண்ணைச் சுற்றிச் சிவப்பில் இதழ்களை அடுக்கி நீளமாக உருட்டினேன். குறுக்கே நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் பூ தெரிய வேண்டும். கத்தி பட்டதும் பூ நசுங்கியது. மூன்று வில்லை வீண். மீதி விரல் நீளம்தான்.

அப்போது அண்ணி மீன் விற்றுவிட்டு வந்து பெட்டியை இறக்கினாள். ஐஸில் கிடந்த வஞ்சிரம் நசுங்காமல் வெட்டுப்படுவது நினைவுக்கு வந்தது. கேட்கக் கூச்சம். அவள் முகம் கழுவப் போனதும் உருளையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மிச்ச ஐஸுக்குள் புதைத்தேன்.

அரை மணி கழித்து அண்ணியே அதை எடுத்து வந்து நீட்டினாள்.

"இன்னாம்மா பி.ஏ., இது இன்னா மீனு? முள்ளே இல்ல."

வாங்கி உடனே நறுக்கினேன். இதழ் கலையாமல் பூ விழுந்தது. அடுத்ததிலும் அதே பூ. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெட்ட வெட்ட பூவா வந்துகினே கீது. எனக்கு ஒரு ஜோடி தோடு செஞ்சு குடு. மார்க்கெட்டுக்குப் போட்டுகினு போறேன்."

ஒன்பது பூ தேறியது. நாளை குக்கரில் மணல் போட்டுச் சுட வேண்டும். தட்டில் மூடி வைத்திருக்கிறேன். இரண்டு முறை எழுந்து பார்த்தாயிற்று. இன்னும் ஒரு முறை பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.