அறுபது நாளில் ஒரு வீடு

மார்ச் 3, திங்கள்
ஆறு வருடம் காத்திருந்த வாடகை உதவிச் சீட்டு இன்று கைக்கு வந்தது. வாடகையில் பெரும் பங்கை அரசு கட்டும். மீதி என் பொறுப்பு. “எந்த ஊர்ல வேணும்னாலும் பாருங்க சார். அறுபது நாள்ல வீடு கிடைக்கலைன்னா சீட்டு செல்லாது,” என்றார் வீட்டுவசதி அலுவலகப் பெண். கூடவே, சீட்டை ஏற்கும் வீட்டுக்காரர்களின் பட்டியல். இருபத்தாறு முகவரி. எல்லாமே கிளீவ்லாந்தில் நாங்கள் இருக்கும் இதே கிழக்குப் பகுதி. நாலு தெரு தள்ளிப் போகவா ஆறு வருடம்?

மார்ச் 5, புதன்
பட்டியலைக் கிழித்துப் போட்டேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேனே, அந்த ஆல்டன் ஹைட்ஸ் புறநகரில்தான் வீடு தேடப் போகிறேன். ஒன்பது வருடமாக ஊரார் பிள்ளைகளை அந்தப் பள்ளி வாசலில் இறக்கிவிடுகிறேன். என் மகள் கெசியாவுக்குப் பதிமூன்று வயது. அவள் பள்ளியில் இந்த வருடம் கணக்குக்கு ஆசிரியரே இல்லை.

கீழ்வீட்டு ஒடெட்டா அக்காவிடம் சொன்னேன். குதித்தாள். “அங்க யாருடா இருக்கா உனக்கு? விடியறதுக்குள்ள நீ வண்டி எடுக்கப் போயிட்டா பொண்ணை யார் எழுப்புவா? தாயில்லாத பொண்ணுக்குத் தலை யார் பின்னிவிடுவா?”

ஆனாலும் போவேன்.

மார்ச் 15, சனி
பதினொரு பேரிடம் பேசியாயிற்று. என் வேலையைச் சொல்லும்போது அவர்கள் குரலில் தேன். சீட்டு என்றதும் — “அடடா, இப்பத்தான் வேற ஒருத்தர் எடுத்துட்டாங்க.”

மார்ச் 27, வியாழன்
நேற்று ‘போய்விட்டது’ என்று சொன்னார்களே, அந்த வீட்டின் முன்னால் இன்றும் வாடகைப் பலகை நிற்கிறது. பேருந்தின் உயரத்திலிருந்து எல்லாம் தெரிகிறது, என்ன செய்ய?

அக்காவிடம் புலம்பினேன். போனைப் பிடுங்கி அதே எண்ணுக்குப் பேசினாள். “வீடு காலியா இருக்குங்களா?”

“இருக்கும்மா, எப்ப வந்து பாக்கறீங்க?”

போனை என் கையில் திணித்தாள். பிறகு: “நான் உன்னைப் போகாதேன்னு சொல்றது வேற. இவனுங்க வராதேன்னு சொல்றது வேற. நீ போறே, லியோட்டிஸ். நானும் சேர்ந்து தேடறேன்.”

ஏப்ரல் 30, புதன்
இரண்டு நாள்தான் மிச்சம். கூடுதல் நாள் கேட்டுப் போனேன். கேட்டுப் பார்த்த வீடுகளை அக்கா எழுதி வைத்திருந்தாள் — நாற்பத்து மூன்று. அலுவலகப் பெண் கடைசிவரை படித்தார். முப்பது நாள் கொடுத்தார்.

மே 13, செவ்வாய்
கிடைத்துவிட்டது! ஆல்டன் ஹைட்ஸில் நோவாக் என்ற பெரியவரின் மாடி வீடு. “பனி கொட்டினாலும் நேரம் தவறாத பஸ்காரர்தானே நீங்க?” என்றார். சீட்டைப் பற்றிச் சொன்னேன். தலையைச் சொறிந்தார். சரி என்றார்.

மே 20, செவ்வாய்
சும்மா விடுவார்களா? அரசு வாடகை கட்டும் முன் வீட்டைச் சோதிக்க அலுவலக ஆய்வாளர் வந்து, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, வீடு தேறாது என்று எழுதிப் போய்விட்டார். நோவாக்குக்குக் கோபம். “இந்தத் தொல்லை எனக்கெதுக்கு? வேற ஆளுக்கு விட்டுடறேன்.”

“சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க சார். நானே போட்டுடறேன்.”

மே 24, சனி
போட்டேன். கட்டையை அக்கா பிடித்துக்கொண்டாள். கோணலாக இருக்கிறது என்று நோவாக் இரண்டு முறை கழற்ற வைத்தார். மூன்றாம் முறை தானே வந்து திருகாணி முடுக்கினார்.

மே 27, செவ்வாய்
தேறிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு
புது வீட்டில் முதல் ஞாயிறு. பழைய தேவாலயத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போனோம். திரும்பும்போது கெசியா அழுதாள். “பள்ளிக்கூடம் நல்லாத்தான் இருக்கும்ப்பா. ஆனா தெருவுல ஒருத்தரையும் தெரியலையே.” எனக்கும்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்
மாலையில் கதவு தட்டும் சத்தம். முன்பின் தெரியாத பெண், இடுப்பில் குழந்தை. “நீங்க சீட்டுல வந்தவங்கன்னு சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு. இந்த ஊர்ல யாரும்...” தன் சீட்டை நீட்டினாள்.

உள்ளே வரச் சொன்னேன். கெசியா குழந்தையை வாங்கிக்கொண்டாள். இந்த ஊரில் யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்டால் வீண் என்பதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். “உட்காருங்கம்மா,” என்றேன். முதல் வீட்டுக்காரரின் எண்ணைப் போனில் நானே அழுத்தினேன்.