மூன்றாவது கோடு

மார்ச் 3, செவ்வாய்

நான் செய்த கீழ்த்தாடைப் பல்செட் ஒன்று இன்று மூன்றாவது முறையாக எங்கள் பல் லேபுக்குத் திரும்பி வந்தது. அரை மில்லிமீட்டர் உயரமாம். அந்தப் பல் டாக்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டே அளந்து பார்த்தேன். அரை மில்லிமீட்டர் உயரம்தான்.

அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் பெட்டி. ஸ்பிரிங் வந்துவிட்டது!

நான்கு ஸ்பிரிங். நல்ல சிவப்பு. காரில் இப்போது இருப்பதைவிடக் குட்டை. சாப்பாட்டு மேஜையில் வரிசையாக நிறுத்தி வைத்து, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“சாப்பாடு எங்க?”

“இன்னைக்கு இதுதான்.”

சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு தாங்கவில்லை.

மார்ச் 4, புதன்

எதிர்பார்த்த சண்டை. என் கார் நல்ல கார்தான். ஆனால் சக்கரத்துக்கும் மேலே உள்ள வளைவுக்கும் நடுவில் நான்கு விரல் நுழைகிற இடைவெளி. வளர்ந்த பிள்ளை போன வருஷத்துக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி. நாளெல்லாம் அரை மில்லிமீட்டரோடு மல்லுக்கட்டுகிறவள் நான். மூன்று வருஷமாக இதைத் தினமும் பார்க்கிறேன். அது எனக்கல்லவா தெரியும்? குட்டை ஸ்பிரிங் போட்டால் வண்டி தாழ்ந்து அந்த இடைவெளி குறையும்.

“தரை தட்டுமே” என்றார்.

“தட்டாது.”

“தட்டினா?”

“தட்டாதுங்கறேன்!”

வேதியியல் வாத்தியார் இல்லையா, உடனே விதி போட்டார். மாட்டின நாளிலிருந்து ஒரு மாதம். தட்டுகிற ஒவ்வொரு தடவைக்கும் சமையலறைக் காலண்டரில் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். மறுபேச்சு கிடையாது. அவருக்கு இடுப்பு வலி உண்டு, அதுதான் உண்மையான பயம். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

ஒத்துக்கொண்டேன். எதற்கு இவ்வளவு ஆசை என்று யோசித்துப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது. இந்த வீட்டில் ஃபிரிட்ஜ், சோபா, திரைச்சீலை எல்லாமே எல்லோருக்கும் பிடிக்கிறதா என்று கேட்டுக் கேட்டு வாங்கியவை. இது எனக்கு மட்டும் பிடித்தது. வேறு ஒரு காரணமும் கிடையாது. அதனால்தான் விட்டுக்கொடுக்க மனசில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மாட்டியாச்சு!

தம்பி காலையிலேயே வந்துவிட்டான். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவனுக்குக் கார் வேலை தெரியுமா என்று கேட்டால் கோபம் வந்துவிடும். “எல்லாம் நட்டு போல்ட்டுதான்க்கா” என்பான். ஸ்பிரிங்கை நெருக்கிப் பிடிக்கிற கருவியை யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தான்.

முன்பக்கம்தான் பயம். நெருக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளைத் தூக்கி அடித்துவிடும். அவன் பிடித்துக்கொள்ள, நான் திருகைத் திருப்பினேன். இவர் பத்தடி தள்ளி நாற்காலி போட்டு, மடியில் முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்து பேண்டேஜ் ஒன்றைப் பிரித்துக் கையிலேயே வைத்திருந்தார்.

“என்ன மாமா, என் மேல நம்பிக்கையே இல்லையா?”

“உன் மேல இருக்குப்பா. ஸ்பிரிங் மேலதான் இல்ல.”

பின்பக்கத்தில் பழைய ஸ்பிரிங் வெளியே வர மறுத்தது. அச்சைப் பிடித்திருக்கிற இரண்டு பெரிய போல்ட்டைத் தம்பி தளர்த்தினான். அச்சு இன்னும் கொஞ்சம் கீழே தொங்கியது, ஸ்பிரிங் தானாகவே கழன்று உருண்டது. புதியதை வைத்து, போல்ட்டை இறுக்கு இறுக்கென்று இறுக்கினோம். நீள ஸ்பேனரில் நானும் அவனும் சேர்ந்து தொங்கினோம். அதற்குப் பிறகு ஜாக்கியை இறக்கினோம்.

லேபிலிருந்து வெர்னியர் அளவுகோல் கொண்டுவந்திருந்தேன். முன்பக்கம் அழகாக மூன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. பின்பக்கம் ஒன்றரைதான். எதையோ தொலைத்துவிட்டுக் குனிந்து தேடுகிற மாதிரி நிற்கிறது என் கார். “ரெண்டு நாள் ஓட்டினா உட்கார்ந்துடும்க்கா” என்றான். இருக்கட்டும். கை முழுக்கக் கிரீஸ். சமையலறை ஜன்னல் வழியாகப் பத்து தடவையாவது எட்டிப் பார்த்திருப்பேன்.

மார்ச் 10, செவ்வாய்

உட்காரவில்லை.

மார்ச் 11, புதன்

பின்னாலிருந்து ஒரு சத்தம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ‘கீச்’. காலையில் இவரைப் பள்ளியில் விடக் கிளம்பினேன். வாசல் சரிவில் இறங்கி, சாலை தொடங்குகிற சிமெண்ட் விளிம்பைத் தாண்டும்போது – கர்ர்ர்ர்.

முன் பம்பரின் அடி.

இவர் கதவைத் திறந்து இறங்கி, வீட்டுக்குள் போய், விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவால் காலண்டரில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பள்ளி வாசலில் இறங்கும்போது மட்டும், “என் முதுகெலும்பு மொத்தம் எத்தனைன்னு இன்னைக்குத்தான் எண்ண முடிஞ்சுது” என்றார்.

ஐயோ, தப்பு பண்ணிட்டேனா? நல்லா இருந்த வண்டியக் கெடுத்துட்டேனா?

மார்ச் 14, சனி

தம்பியையும் இழுத்துக்கொண்டு வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் காருக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போதே சிரிப்புதான்.

“பின்னாடி போல்ட்ட யாரு இறுக்குனது?”

“நான்தான்” என்றான் தம்பி, பெருமையாக.

“வண்டி ஜாக்கில நிக்கும்போதா?”

“ஆமா.”

“அதான் கதை. சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கும்போது இறுக்கிட்டீங்க. உள்ள இருக்கிற ரப்பர் அந்த நிலையிலேயே புடிச்சிக்கிச்சு. வண்டி கீழ உட்காரப் பாக்குது, ரப்பர் விடமாட்டேங்குது, முறுக்கிக்கிட்டுக் கத்துது. தளர்த்திட்டு, நாலு சக்கரத்துலயும் வண்டிய நிக்க விட்டு, பாரம் ஏறுனதுக்கு அப்புறம் இறுக்கணும்.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபது வருஷமாக நான் செய்கிற வேலையே இதுதானே! வாயைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது கடி அளவு எடுப்பார்களா? வாயை மூடி, தாடை அழுந்தி உட்கார்ந்த பிறகுதானே அளவு? எங்கள் லேபில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் லேபையே இரண்டாக்கியிருப்பேன்.

அவர் போல்ட்டைத் தளர்த்தினார். நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவள் நாற்காலியைக் கண்டதும் உட்காருகிற மாதிரி, பின்பக்கம் மெல்ல இறங்கி உட்கார்ந்தது. அளந்தேன். முன்னும் பின்னும் ஒரே இடைவெளி. இரண்டு விரல். தம்பி பத்து நிமிஷம் பேசாமல் இருந்தான். பிறந்ததிலிருந்து இதுதான் அதிகம்.

வருகிற வழியில் ரவுண்டானா. கீச் இல்லை, குலுக்கல் இல்லை. முன்பெல்லாம் வளைவில் கார் ஒரு பக்கம் சாய்ந்து, நானும் சாய்ந்து, பையும் சாய்ந்து விழும். இன்று ஸ்டியரிங்கைத் திருப்பினேன், திரும்பியது, அவ்வளவுதான். இன்னொரு சுற்று சுற்றினேன். பிறகு இன்னொன்று. “அக்கா, வீடு அந்தப் பக்கம்” என்றான் தம்பி. தெரியும்டா. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

பல்செட் வைத்தால் எந்த இடத்தில் இடிக்கிறது என்று பார்க்க வழி உண்டு, காருக்கு இருக்காதா? லேபிலிருந்து நீல மெழுகுக் கட்டி ஒன்று எடுத்து வந்தேன். எங்கள் கையில், நகத்தில், துணியில் எப்போதும் ஒட்டியிருக்கிற அதே மெழுகுதான். சிமெண்ட் விளிம்பு முழுக்கத் தடவினேன். சோதனை கணக்கில் வராது என்று இவரிடம் முதலிலேயே வாக்கு வாங்கிக்கொண்டேன். சோதனை என்ற வார்த்தையைச் சொன்னால் மனிதர் எதற்கும் தலையாட்டுவார்.

ஆமை வேகத்தில் நேராக இறக்கினேன். பம்பரின் இடது ஓரத்தில் நீலம். கொஞ்சம் குறுக்கே திருப்பி, வலது சக்கரத்தை முதலில் இறக்கினேன். நீலம் இல்லை! மறுபடியும் இறக்கினேன். இல்லவே இல்லை!

பம்பரைத் துடைத்துவிட்டு, விளிம்பில் தடவிய மெழுகை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டேன். இனிமேல் தட்டினால் பம்பர் தானே வந்து சொல்லும்.

மார்ச் 22, ஞாயிறு

அத்தை வந்திருக்கிறார். இவருடைய அம்மா. உயரம் குறைவு, முட்டி வலி அதிகம். காரில் ஏறி உட்கார்ந்ததும், “இப்பதான்டா மனுஷங்க ஏறுற உயரத்துல இருக்கு வண்டி” என்றார். நான் அவரை அப்படியே கட்டிக்கொண்டேன்.

ஆனால் சந்தோஷம் சந்தை வரைக்கும்தான். அத்தை, இவர், தம்பி, நான், மடி கொள்ளாத மூட்டைகள். திரும்பும்போது சந்தை முனை வேகத்தடையில் காரின் நடு வயிறு தட்டியது.

வீட்டுக்கு வந்ததும் சிவப்புப் பேனா.

“நாலு பேர் கனத்துக்குத் தட்டினா அதை இவ கணக்குல எழுதுவியா?” என்று அத்தை கேட்டார்.

“விதி விதிதாம்மா.”

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாவம்” என்றார் அத்தை.

இரண்டு கோடு.

மார்ச் 24, செவ்வாய்

இன்னும் ஒரே ஒரு கோடு, பதினைந்து நாள். தலையில் நிறைகுடம் வைத்த மாதிரி ஓட்டுகிறேன். வேகத்தடை இல்லாத தெருவாகச் சுற்றிச் சுற்றிப் போய் இன்றைக்கு லேபுக்குப் பத்து நிமிஷம் தாமதம்.

ஏதோ எடுக்கச் சாமான் அறைக்குப் போனேன். பழைய ஸ்பிரிங் நான்கையும் இவர் தூசி தட்டித் துடைத்து வரிசையாக வைத்திருக்கிறார். பாவி மனுஷன்! எவ்ளோ ஆசை பாரு!

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு காருக்காக அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மார்ச் 28, சனி

“ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கறேன். இடுப்புக்கு எப்படி இருக்குன்னு தெரியணுமே” என்றார்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சரிவில் குறுக்கே இறக்கச் சொல்லிக் கொடுத்தேன். முகத்தை மிகவும் உம்மென்று வைத்துக்கொண்டு ஓட்டினார். ரவுண்டானா வந்தது. சுற்றினார். வீட்டுக்குத் திரும்புகிற சாலை போய்விட்டது. இன்னொரு முறை சுற்றினார்.

“ஏன் ரெண்டு தடவை?”

“வழி தவறிடுச்சு.”

இருபது வருஷமாகத் தினமும் போகிற வழி.

ஏப்ரல் 1, புதன்

பால் வாங்கக் காரில் போனார். கடை இருப்பது எங்கள் தெருமுனையில்தான்.

ஏப்ரல் 4, சனி

இன்றைக்கும் பால். வீட்டில் பால் இருந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

நாளையோடு ஒரு மாதம் முடிகிறது. நான் தட்டவில்லை. இன்று லேபுக்குக்கூடப் பஸ்ஸில்தான் போனேன், கடைசி நேரத்தில் வம்பு வேண்டாமென்று.

சாயங்காலம் துணி துவைக்க எடுத்தேன். இவருடைய கைக்குட்டை கூடையின் அடியில், ஒரு சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்தது. பிரித்தேன். நீலம். பேனா மை இல்லை, விரலில் வழவழவென்று ஒட்டுகிறது. இந்த மெழுகு இருட்டில் தொட்டாலும் எனக்குத் தெரியும்.

ஓடிப்போய்க் காருக்கு முன்னால் படுத்துப் பார்த்தேன். பம்பரின் இடது அடியில் புதிதாக, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கீறல். மெழுகைத் துடைத்து எடுத்திருக்கிறார். நன்றாகத்தான் துடைத்திருக்கிறார், ஆனால் வளைவின் உள்பக்கம் விட்டுப்போயிருக்கிறது. நேராக இறக்கியிருக்கிறார். படித்துப் படித்துச் சொன்னேனே! சீட் பின்னால் தள்ளியிருந்தது. பின் சீட்டில் ஒரு பால் பாக்கெட்.

சமையலறைக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். இரண்டு கோடுதான். எப்போதும் பக்கத்தில் தொங்குகிற சிவப்புப் பேனாவைக் காணோம்.

அந்த மனிதர், ஒரு மாணவனுக்கு அரை மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிட்டோமோ என்று நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து திரும்பவும் கூட்டிப் பார்க்கிறவர். தரையில் உட்கார்ந்து, கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன். இவரை இவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கே கொஞ்ச நாளாக மறந்து போயிருந்தது.

ஏப்ரல் 8, புதன்

டீ குடித்து முடித்ததும் காலண்டருக்கு முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். தேர்வு முடிவு அறிவிக்கிற குரல்.

“ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு கோடு. நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன். ஸ்பிரிங் இருக்கட்டும்.”

“ரொம்பப் பெரிய மனசு” என்றேன்.

“நீ நல்லாத்தான் ஓட்டின.”

காது இரண்டும் சிவந்திருந்தது. நான் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். பழைய ஸ்பிரிங் நான்கையும் தம்பியிடம் கொடுத்துவிடலாம் என்று அவரேதான் சொன்னார்.

கைக்குட்டையை வெந்நீரில் ஊற வைத்தேன். மெழுகு போய்விட்டது, ஒரு மூலையில் மட்டும் லேசாக நீலம் நிற்கிறது. தேய்த்து, மடித்து, அந்த மூலை தெரிகிற மாதிரி அவருடைய அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் அலமாரியைத் திறந்தார். கைக்குட்டையை எடுத்தார். அந்த மூலையைப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சாயங்காலம் வண்டிய நான் எடுத்துக்கட்டுமா?” என்றார், என்னைப் பார்க்காமல்.

“எடுத்துக்கோங்க. குறுக்கால இறக்குங்க” என்றேன்.