குண்டன் இருந்த தொட்டி

உனக்கு எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நீ இருந்தபோது உன் வாட்ஸ்அப் செய்திகளுக்கே இரண்டு நாள் கழித்து ஒரு 'ம்' போட்டவள் நான். நீ போய் பத்து மாதம் ஆன பிறகு இவ்வளவு நீளமாக எழுதுவதைப் பார்த்தால் கிண்டல் செய்வாய்.

கையில் இன்னும் சாம்பல் வாசனை அடிக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் குவார்ட்டர்ஸ் பின்வராண்டாவில், பழைய ஜன்னல்களை வாங்கி வந்து அங்கிள் உன் செடிகளுக்காக அடைத்துக் கொடுத்த கண்ணாடி அறையை, உன் அம்மாவும் நானும் பனிக்காலத்துக்குத் தயார் செய்தோம். ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்தது. மார்கழிப் பனி இறங்கினால் கண்ணாடியில் படிந்த அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழைந்து பூச்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும், வெயில் உள்ளே வராது. அதற்குள் துடைத்துவிட வேண்டும். சட்டங்களின் இடுக்கில் அட்டை வைத்து டேப் ஒட்டினோம். தரை சில்லிடும் என்பதால் தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றினோம். தை மாதம் அங்கிள் ரிட்டையர் ஆகிறார். வீட்டை ஒப்படைத்துவிட்டு காடாம்புலியூர் போகிறார்கள். இந்த அறைக்கு இதுதான் கடைசிக் குளிர்.

போன வருடம் இதே வேலையைத் தனியாகச் செய்தேன். நீ புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்தாய். போவதற்கு முன் ஒரு நோட்டுத்தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தாய். கடைசி வரி, உன் அடீனியம் செடிக்கு: "குண்டனுக்குப் பொங்கல் வரை தண்ணீர் கிடையாது."

அடி பருத்து உட்கார்ந்திருப்பதால் அவன் குண்டன். காலேஜ் முதல் வருடம் நீ விதை போட்டு முளைக்க வைத்தது. நான்கு வருடமாகப் பூக்கவில்லை. "என்ன கலர்னு அவனுக்கே இன்னும் தெரியல போல" என்பாய். நான் குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் வந்து, உங்கள் வீட்டு வாசலில் பெல் அடிக்கத் தயங்கி நிற்பேன். நீயே வந்து கதவைத் திறப்பாய். "செடிகூட வாடிக் காட்டி தண்ணி கேக்கும். நீ எதையாச்சும் வாயத் தொறந்து கேட்டிருக்கியாடி?"

கேட்டதில்லை. நோட்ஸ், குடை, பரீட்சைக்குப் பேனா எல்லாம் நீயாகத்தான் கொடுத்தாய்.

போன வருடம் கார்த்திகையில் குண்டனின் இலைகள் பழுத்து விழத் தொடங்கின. குளிரில் அவன் தூங்குவான், இலை கொட்டினால் பயப்படாதே என்று நீ சொல்லியிருந்தாய். அதே வாரம்தான் உன் தலைமுடி கொட்டிவிட்டதாக ஆன்ட்டி போனில் சொன்னார். நான் தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். எட்டாம் நாள் தண்டை அழுத்திப் பார்த்தபோது கட்டைவிரல் உள்ளே போனது.

பண்ருட்டி ரோட்டு நர்சரியில் அதே அளவில், பூக்காத ஒரு கன்றைத் தேடி வாங்கி வந்து உன் தொட்டியிலேயே வைத்தேன். அன்று மாலை நீ போன் செய்தாய்.

"குண்டன் எப்டிடி இருக்கான்?"

"தூங்குறான்."

"தூங்கட்டும். இந்த ஊர்ல ஷிஃப்ட் இல்லாத ஒரே ஆளு அவன்தான்."

அதன் பிறகு நாம் பேசவில்லை.

இந்த மாதம் அந்தச் செடியில் மொட்டு வந்திருக்கிறது. ஆன்ட்டி தினமும் காலையில் அதன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறாராம். இன்று கண்ணாடி துடைத்துக்கொண்டே சொன்னார்: "எம் பொண்ணு கையால போட்ட வெதை. இத மட்டும் லாரில ஏத்த மாட்டேன், மடில வச்சிக்கினுதான் போவேன்."

என் கையிலிருந்த துணி நின்றுவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம். பூ எந்த நிறத்தில் வந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் மடியில் வைத்துக்கொண்டு போகப்போவது நான் வாங்கி வந்ததை. எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆன்ட்டி என்னைப் பார்க்கவில்லை. துடைத்து முடித்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். பிறகு, "பழசை என்னா பண்ண?" என்றார்.

"முருங்கை மரத்தடியில பொதைச்சிட்டேன் ஆன்ட்டி."

போய் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். செடியைக் கையால் தொடவில்லை. "அவ தொட்டி இது. இதுல இது இருக்கலாமா கூடாதான்னு நான் எப்பிடிச் சொல்றது? நீதான அவ ஃப்ரெண்டு. அவளயே கேளு" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார்.

இப்போதெல்லாம் ஆபீஸில் யாராவது சொன்னதை மீறத் தோன்றினால், கட்டைவிரலில் அந்த மெத்தென்ற தண்டு வந்துவிடுகிறது. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உன் நோட்டுத்தாள் கண்ணாடியில் அப்படியே இருக்கிறது. இந்த முறை ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

முதல் தடவையாக உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் தொட்டியில் இந்தச் செடி இருக்கட்டும்.