அப்பா முறுக்கிய நான்கு ஸ்க்ரூ

பிள்ளைப்பாக்கம்,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள மதிக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, லூதியானா குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வார்டு டியூட்டிக்கும் நர்சிங் வகுப்புக்கும் போய்வந்துகொண்டிருப்பாய் என்ற தைரியத்தில்தான் தொடங்குகிறேன். நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலம் என்று முதல் வரியில் போட்டுவிட்டுக் கீழே வேறொன்றை எழுத எனக்கு மனம் வரவில்லை. யாருக்கும் காய்ச்சல்கூட இல்லை, பதறாதே. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நீ அனுப்புகிற வாட்ஸாப்பையும் என் போனை எடுத்து அவர்தான் முதலில் படிக்கிறார். அதனால் அவர் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போயிருக்கும் இந்த நேரத்தில் காகிதத்தில் எழுதுகிறேன்.

சமையலறையில் அடுப்புக்கு மேலே சுவரில் மாட்டிய அலமாரி உனக்கு நினைவிருக்கும். ஜூனில் இந்த வீட்டுக்குக் குடிவந்த மறுநாள் அப்பா மாட்டினார், நீ ஸ்டூல்மேல் ஏறி அடியில் தோள் கொடுத்தாய். தீபாவளி கழிந்து ஒரு நாள் அதன் கதவைச் சாத்தும்போது டக்கென்று ஒரு சத்தம். பார்த்தால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிறது. கீழே அடுப்பு, அடுப்பில் பால், அதன் முன்னால் நான். அன்றிலிருந்து ஒரு கண்ணை மேலே வைத்துக்கொண்டுதான் சமைத்தேன், கடுகு வெடித்தால்கூட இரண்டடி பின்னால் போய் நின்றேன். அப்பாவிடம் சொன்னதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கிவிட்டு, இப்ப நீயே தொங்கினாலும் விழாது என்றார். மறுநாள் ஆடியது. மறுபடி முறுக்கினார், மறுபடி ஆடியது. ஹாலோ பிளாக் சுவர், உள்ளே ஓட்டை, எதுவும் பிடிக்காது, மிச்சம் பிடித்துக் கட்டிய வீடு என்று கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா சந்திரம்மாளைத் திட்டினார். எனக்கு வேறு பயம். உனக்கு மட்டும் சொல்கிறேன், மேல் தட்டில் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் என் புத்தகங்களை வைத்திருந்தேன், முப்பத்தெட்டு. வருகிறவர்கள் எடுத்துப் புரட்டி, இதெல்லாம் நீயா படிக்கிறாய் என்று கேட்பது எனக்குப் பிடிக்காது. அந்தக் கனம்தான் இழுக்கிறது என்று அவர் இல்லாதபோது எல்லாவற்றையும் இறக்கி உன் பழைய சூட்கேஸில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பிறகும் ஆடியது.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா மறுபடி முறுக்கிவிட்டு, நல்லா டைட்டா கீது எழில், நீ சும்மா பயந்துகினு இருக்க என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் அதே ஸ்க்ரூடிரைவரை அதே ஸ்க்ரூவில் வைத்துச் சும்மா திருப்பிப் பார்த்தேன். முக்கால் சுற்றுப் போனது மதி. அடுத்தது ஒரு முழுச் சுற்று. என் கைக்கு. இரண்டு இறுகிப் பிடித்தன, மற்ற இரண்டும் ஆடி ஆடி ஓட்டை பெரிதாகிச் சும்மா சுற்றின. உன் அப்பா கம்பெனியில் ஒரு ஷிப்டில் ஆயிரம் ஸ்க்ரூ போடுகிறவர். ஆனால் லைனில் மேலேயிருந்து தொங்குகிற மிஷின்தான் முறுக்குகிறது, போதும் என்றால் அதுவே நின்றுவிடுகிறது, அவர் பிடித்திருந்தால் போதும். கையில் பலம் குறைந்தது அங்கே யாருக்கும் தெரியாமல் இருந்தது அதனால்தான். அந்த ஸ்டூல்மேல் நின்றபடியே எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பது, பொத்தான் வைத்த சட்டையை விட்டுவிட்டு டீ ஷர்ட்டாகப் போடுவது, சூடாக இருக்கிறது என்று சாம்பார் சாதத்துக்கு ஸ்பூன் கேட்பது. எல்லாமே என் கண் முன்னால் நடந்தவை. வரிக்கு வரி நிறுத்திப் படிக்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு உண்டு, வீட்டில் இருக்கிற மனிதரைப் படிக்கவில்லை.

குளித்துவிட்டு வந்தவர் என் கையில் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் சொன்னார், கட்டை விரல்லேர்ந்து நடு விரல் வரிக்கும் மரத்துப் போவுது, ஆறேழு மாசமா. இருபத்தேழாம் தேதி கம்பெனியில் மெடிக்கல் செக்கப், ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொல்வார்களாம். போன வருடம் அதில் நம்பர் குறைந்த, கூட வேலை செய்த மாரிராஜுக்குக் காண்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், டாக்டர் எழுதற சீட்டு நேரா கம்பெனிக்குப் போயிடும் என்கிறார். அது நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. பாப்பாவுக்குப் பரீட்சை, அதுகிட்ட மட்டும் சொல்லிடாத என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை.

நேற்று அவருக்கு வார லீவு. நான் சுங்குவார்சத்திரம் போய் ரகுபதியின் ஹார்டுவேர் கடையில் கேட்டேன். அதே ஓட்டைல திரும்ப அடிச்சா நிக்காதுக்கா, மேல கான்கிரீட் பீம்ல போல்ட்டு போட்டு, அடியில தாங்கறதுக்கு ரெண்டு எல் ஷேப் இரும்பு ஆங்கிள் குடுங்க என்று சொல்லி டிரில் மிஷினை வாடகைக்குத் தந்தான். அண்ணன் வரலியா, நீங்களா அடிக்கப் போறீங்க என்றான். அண்ணனுக்கு ஓவர்டைம் என்று பொய் சொன்னேன். நீ நின்ற இடத்தில் அப்பா இடது தோளைக் கொடுத்து நின்றார், நான் ஓட்டை போட்டேன். கீழேயிருந்து சந்திரம்மாள், இன்னாம்மா எழிலு, வூட்டையே பேத்து எடுத்துகினு போவப் போறியா என்று கத்தினார். அப்பா போல்ட்டையே பார்த்துக்கொண்டு, இன்னும் கால் சுத்து, கால் சுத்து, போதும் நிறுத்து என்றார். நிறுத்தினேன். சரியாக அந்த இடத்தில் இறுகியிருந்தது. லைன்ல என் ஸ்டேஷன்ல உன்னை வுட்டுட்டு நான் வீட்டுல குந்திக்கலாம் போல கீதே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிந்ததும் அதில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. சமைக்கும்போது இப்போது மேலே பார்ப்பதில்லை. அவர் சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கும்போது பார்க்கிறேன்.

நீ இரண்டாம் வருடம்தான், தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வேண்டாம். உன் மேடத்திடம் கேள். எனக்கு எங்கெங்கோ படித்த நோய்ப் பெயரெல்லாம் வரிசையாக வருகிறது, எதையும் இங்கே எழுத மாட்டேன். இந்தக் கடிதம் செவ்வாய்க்குள் கிடைத்துவிடும். அதற்கடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், கையைச் சோதிக்கிற பாடம் ஒன்று இருக்கிறது, செய்துபார்க்க ஆள் வேண்டும் என்று அப்பாவைக் கேள். என்னிடம் மறைப்பார், டாக்டரிடமும் மறைப்பார், உன் படிப்புக்கு என்றால் எந்தக் கையையும் நீட்டுவார். நன்றாகப் பார். பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று நீ அவரிடமே சொல், இருபத்தேழாம் தேதிக்கு முன்னால் நான் அழைத்துப் போகிறேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று எழுத எனக்குத் தைரியமில்லை, ஆனால் அந்தக் கை போகக் கூடாது.

பரீட்சையை நன்றாக எழுது. தொடுகிற நோயாளியெல்லாம் எழுந்து நடக்கிற கைராசி உனக்கு வரட்டும், எந்நேரமும் என் மனம் உன்னைச் சுற்றித்தான் இருக்கும். ராத்திரி டியூட்டிக்குப் போகும்போது ஸ்வெட்டருக்குள் இன்னொன்று போட்டுக்கொள். படித்ததும் இதைக் கிழித்துவிடு. ஒன்று மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போனைச் சமையலறைக்கு எடுத்துப் போய் அலமாரியைக் காட்டி, நான்தான் மாட்டினேன் என்று அப்பா சொல்வார். நம்பிவிடு.

உன் அம்மா,
எழிலரசி