முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

அக்கா,

உன் ஜெப எண்ணெய் இன்றைக்குக் காலையில் ஒரு முகூர்த்தப் புடவையைக் கெடுத்துவிட்டது. பீரோவின் மேல்தட்டில் நீ வைத்துவிட்டுப் போன சின்ன பாட்டில் மூடி தளர்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. முந்தானைக்குக் குச்சு கட்டுவதற்காகக் கடையிலிருந்து வாங்கிவந்து கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த அரக்குப் பட்டில், உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பீரோவைத் திறந்ததும், அந்த எண்ணெய் பூசிய உன் நெற்றி வாசனை. பட்டில் எண்ணெய் பட்டால் இந்தக் காஞ்சிபுரத்தில் எப்பேர்ப்பட்ட பேச்சு வாங்க வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் என் பிழைப்பில் கை வைக்கிறாய்.

முகப் பவுடரை அள்ளிக் கொட்டி, மேலே பழைய துணி ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறேன். அது எண்ணெயை உறிஞ்சும் வரைக்கும் எனக்கு வேறு வேலை ஓடாது, அதனால் எழுதுகிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, உன் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. நான் எழுந்து நின்று உன்னைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டுமாம். பாஸ்டர் நேற்று வீட்டுக்கே வந்து கேட்டார். அம்மா விஷயத்தில் எனக்கு உன்மேல் உள்ள கோபம் அவருக்குத் தெரியும். "மன்னிச்சிட்டேன்னு விசுவாசத்துல சொல்லிடுங்க சிஸ்டர். மனசு பின்னாடி வரும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ செய்த அதே காரியத்தை, உன் பேரைச் சொல்லி என்னையே செய்யச் சொல்கிறார்.

உன் ஸ்தோத்திரம் எல்லாமே வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். நீ ஏனாத்தூர் ஹாஸ்டல் சமையலறைக்கு வேலைக்குப் போன நாளெல்லாம், பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் ஒரு ஸ்தோத்திரம், கிடைக்காவிட்டால் கம்பி பிடிக்க இடம் கிடைத்ததற்கு ஒன்று. தோசை கல்லில் ஒட்டாமல் வந்தால் ஒன்று. ஒருமுறை நடுரோட்டில் என் செருப்பு அறுந்துபோய் நான் நொண்டிக்கொண்டு நின்றபோது, மழை வரவில்லையே, அதற்கு ஸ்தோத்திரம் என்றாய். சொல்லி வாய் மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உடனே மழைக்கும் ஒன்று சொன்னாய். இரண்டு பேரும் நனைந்துகொண்டு சிரித்தோம். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு நம்மை வளர்த்தார்கள். தட்டில் சோறு விழுந்தால் கண்ணை மூடி நன்றி சொல்லும் பழக்கம் உனக்கு அந்த வீட்டில் வந்தது, அதில் எனக்குக் குறையே இல்லை.

உன்னிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கேட்டது கிடைப்பதற்கு முன்பே, கிடைத்துவிட்டதாக நம்பி நன்றி சொல்வது. நம் சபையில் பலரும் செய்கிறதுதான். அவர்கள் ஜெபத்தில் முணுமுணுப்பாகச் சொல்வார்கள், நீ மைக்கைப் பிடித்து, நடந்து முடிந்த செய்தியாகச் சொல்வாய். நம் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்துவிட்டதென்று நீ சாட்சி சொன்னதைக் கேட்டு, இரண்டு பேர் குடத்தோடு வந்து தெருமுனையில் நின்றார்கள். குழாய் வந்தது, எட்டு மாதம் கழித்து. அதுவரைக்கும் இந்தப் பழக்கம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அம்மாவுக்கு வயிற்று வலி வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, கட்டி மாதிரி தெரிகிறது, பத்து நாளில் மறுபடி வாருங்கள் என்றார்கள். அந்தப் பத்து நாள் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ எழுந்து நின்றாய். அம்மாவுக்குக் கர்த்தர் பூரண சுகம் கொடுத்துவிட்டார், கட்டி கரைந்துவிட்டது என்றாய். சபை முழுவதும் கை தட்டியது. நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். பாயில் உட்கார்ந்தபடி அவளும் தட்டிக்கொண்டிருந்தாள், கைதட்டல் ஓய்ந்ததும் அவளுடைய ஒரு கை புடவைக்கு உள்ளே விலாவைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு கஞ்சியும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு வந்த சபைப் பெண்கள் வருவதை நிறுத்தினார்கள். சுகமானவளை யார் வந்து பார்ப்பார்கள்? பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னால், எல்லாம் சரியாகிவிட்டது என்றாள் அம்மா. ஒரு மத்தியானம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஏன் மறைக்கிறாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை நான் இத்தனை வருஷமும் உனக்கு வார்த்தைக்கு வார்த்தை சொன்னதில்லை. இப்போது கேட்டுக்கொள். "உங்க அக்கா அத்தினி பேர் முன்னாடி எந்திரிச்சி சொல்லிட்டாம்மா. இப்போ நான் நோவுதுன்னா அவ பொய்க்காரியாயிடுவா."

நீ பொய்க்காரியாகக் கூடாது என்று அம்மா வலியைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அன்றைக்கே உன்னிடம் ஓடிவந்து, அம்மாவுக்கு இன்னும் வலிக்கிறது, சபையில் நீயே எழுந்து அதைச் சொல் என்றேன். "விசுவாசத்தக் கெடுக்காத. வாய மூடிக்கினு ஸ்தோத்திரம் பண்ணு" என்றாய். உன்னைக் கேட்காமல் நானே அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் போய்விட்டாள். கல்லறையில் நீ கையைத் தூக்கி, அம்மாவின் வேதனையெல்லாம் முடிந்ததற்காக ஸ்தோத்திரம் என்றாய். அப்படியானால் வேதனை இருந்தது உனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே உன்னை அறைந்திருப்பேன், பாஸ்டர் நடுவில் நின்றார்.

நான்கு வருஷம் உன்னோடு பேசவில்லை, அந்தச் சபைப் பக்கமும் போகவில்லை. கடவுளோடு எனக்குச் சண்டை இல்லை. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கும்போது அவரிடம் பேசிக்கொண்டுதான் இருந்தேன், பெரும்பாலும் உன்னைப் பற்றிய புகார்தான். ஒருமுறைகூட அவர் உனக்காக வக்காலத்து வாங்கவில்லை.

பிறகு உனக்கே நோய் வந்தது. மாமாவும் போய், பிள்ளையும் இல்லாமல், ஐயம்பேட்டையில் நானும் மிஷினும் இருக்கிற இந்த ஒற்றை அறைக்கு நீ வந்து படுத்தாய். உன் மேல் பாசம் பொங்கி நான் கூட்டிவரவில்லை, வேறு நாதி இல்லை என்றுதான் கூட்டிவந்தேன். தலை துவட்டிவிட்டால் ஸ்தோத்திரம், கஞ்சி சூடாக இருந்தால் ஸ்தோத்திரம். கஞ்சி வைத்தவளுக்கு ஒரு வார்த்தை கிடையாதா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்வதாகச் சொன்னாய். சேர்த்துச் சொல்ல வேண்டாம், தனியாகச் சொல் என்றேன். அதற்கு நீ சிரித்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் சபைப் பெண்கள் வந்து ஜெபிப்பார்கள். நான் எழுந்துகூட நிற்காமல் தைத்துக்கொண்டிருப்பேன். கடைசியாக வந்த செவ்வாய்க்கிழமை அவர்களில் ஒருத்தி உன் கையைப் பிடித்துக்கொண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சுகமாகிவிட்டதென்று விசுவாசத்தில் சாட்சி சொல்லப்போவதாகச் சொன்னாள். உன்னிடம் கற்றுக்கொண்டதுதானே. நீ ஆமென் சொல்வாய் என்று எதிர்பார்த்து நான் பல்லைக் கடித்தேன். "வேணாம்மா. எனக்கு நோவுது. நோவுதுன்னே சொல்லு" என்றாய். அந்தப் பெண் விழித்தாள். எப்படியோ ஒரு ஜெபத்தை முடித்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டாய், இரண்டு தடவை. நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, என் முதுகைப் பார்த்தே சொன்னாய்: "அம்மாவ நான்தான்டி பேசவுடாம பண்ணிட்டேன்."

எத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன் தெரியுமா? வந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவாயோ என்றுதான் தோன்றியது. பெடலை வேகமாக மிதித்தேன். துணியே இல்லாமல் ஊசி ஓடியது. கேட்காத மாதிரி நடித்தேன். நீ மறுபடியும் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அந்த வாரமே போய்விட்டாய்.

இதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். உன் பைபிளை ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன், புடவைகளையும் கொடுத்துவிட்டேன், துணியில்லாமல் ஓடிய அந்த மிஷின் சத்தத்தை யாரிடம் கொடுப்பது? அம்மா உனக்காக வாயைக் கடித்துக்கொண்டாள். உனக்கு நான் ஒரு பதில் சொல்லியிருந்தால் போதும், திட்டியாவது இருக்கலாம். அதைக்கூடத் தரவில்லை. உன்மேல் எனக்குள்ள கோபம் குறையவே இல்லை, அதன் பக்கத்தில் இதுவும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே நாளைக்கு மன்னித்துவிட்டேன் என்று சொல்லப்போவதில்லை. நடக்காததை நடந்ததாகச் சொல்ல என்னால் ஆகாது, நம் வீட்டில் ஒருத்தி அப்படிச் சொன்னது போதும். மைக்கைக் கையில் வாங்கி, என் அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் வலித்தது என்று சொல்வேன். அதை நீங்கள் எல்லோரும் கை தட்டி மூடினீர்கள், நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வேன். என் அக்காவுக்கும் வலித்தது, அவள் தன் தப்பை என்னிடம் சொன்னாள், எனக்கு நன்றாகக் கேட்டது, கேட்காத மாதிரி இருந்துவிட்டேன் என்று சொல்வேன். அதற்குப் பிறகு ஸ்தோத்திரம் என்ற வார்த்தை தானாக வாயில் வந்தால் சொல்கிறேன். வராவிட்டால் உட்கார்ந்துகொள்கிறேன்.