தோற்றக் குறை மட்டும்

மார்ச் 4

காலையில் படுக்கை விரிப்பை உதறினேன். வழக்கம்போல் ஒரு பிடி தோல் செதில் உதிர்ந்தது. மனைவி துடைப்பத்தோடு வந்து, "நாலு நாய் வளர்க்கிற வீட்டுலகூட இவ்வளவு கூட்ட மாட்டாங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். எனக்குச் சொரியாசிஸ் வந்து பதினாறு வருஷம். முழங்கை, முழங்கால், முதுகு என்று இருந்தது இப்போது தலைக்கும் ஏறிவிட்டது.

தொற்றாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர் டாக்டரில்லையே. அதனால் வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டைதான். மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுவிட்டால் நான் நோயாளி இல்லை, லிஃப்ட் ஆய்வாளர்.

எங்கள் ஆய்வுப் படிவத்தில் எனக்குப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. "தோற்றக் குறை மட்டும். இயக்கத்துக்குத் தடையில்லை." கதவில் கீறல், சுவரில் பெயின்ட் உரிதல் என்றால் அதில் ஒரு டிக். என் உடம்புக்கும் பதினாறு வருஷம் முன்பே அந்த டிக்கைப் போட்டுவிட்டேன்.

மார்ச் 11

இருபதாம் தேதி அலுவலகத்தில் உடல் தகுதிச் சோதனை. தேறாதவன் லிஃப்ட் குழிக்குள் இறங்கக்கூடாது, மேஜையில் உட்கார்ந்து கோப்புக்குக் கயிறு கட்டலாம். போன வருஷம் வரை கண்ணை மட்டும் பார்த்தார்கள். இந்த வருஷம் பிரஷரும் உண்டாம். "பணியாளர்கள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு வரிசையில் நிற்கவும்."

எல்லார் எதிரிலும். வரிசையில். எந்த மகராசன் இதை எழுதினானோ.

மார்ச் 19

வழி பிறந்துவிட்டது. என் சக ஆய்வாளனை ஒல்லி என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்தெட்டு வயதிலும் குடைக்கம்பி மாதிரி இருப்பான். பிரஷர் பார்க்க வருகிறவர்கள் வெளியாட்கள், முகம் தெரியாது. சீட்டைக் கொடுத்து யார் கையை நீட்டினாலும் சரி. கீழ்த்தளத்தில் ஒரு மேஜை, மூன்றாம் மாடியில் ஒரு மேஜை. கீழே அவன் பெயரில் நீட்டுவான், மேலே என் பெயரில்.

"ரெண்டு தடவ கைய நீட்டுனா தேஞ்சா போயிடுவேன்? சீட்டக் குடு" என்றான். நட்பு என்றால் இது.

மார்ச் 20

முடிந்தது. மூன்றாம் மாடி மேஜையை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒல்லி படிகளில் ஓடியே ஏறினான். லிஃப்டில் போயிருக்கலாமே என்றால், எங்கள் அலுவலக லிஃப்ட் இரண்டு மாதமாக ஓடவில்லை. லிஃப்ட் ஆய்வு அலுவலகம் அல்லவா.

மார்ச் 27

என் பெயருக்குக் கடிதம். பிரஷர் நூற்று அறுபத்தெட்டு. ஒரு மாதத்துக்குள் டாக்டர் சான்றிதழ் தர வேண்டும், அதுவரை குழிக்குள் இறங்கத் தடை.

படித்ததும் எனக்கு பயம் வரவில்லை. ஒல்லி மேல் இரக்கம்தான் வந்தது. அவனைத் தனியாக அழைத்துப்போய்ப் பக்குவமாகச் சொன்னேன். "மனச தேத்திக்கோ. உனக்கு பிரஷர் இருக்கு."

அவன் தன் சீட்டை எடுத்துக் காட்டினான். நூற்றுப் பதினெட்டு. "எனக்கு நல்லாத்தான் இருக்கு. ஏறியிருக்கிறது உன் பேர்ல. நீ போய்ப் பாரு."

"கை உன்னுது."

"பேரு உன்னுது."

அரை மணி நேரம் இதே பேச்சு. நல்ல மனதோடு புத்தி சொன்னால் யார் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 2

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கடிதம் இருந்திருக்கிறது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அடுத்தவர் கையக் காட்டி எத்தனை நாள் ஓட்டுவீங்க?" என்றாள். பிறகு, "கைய மடிக்க வெக்கப்பட்டுத்தானே இந்தக் கூத்து? முதல்ல தோல் டாக்டரப் பாப்போம்" என்று ஒன்பதாம் தேதிக்கு நேரம் வாங்கிவிட்டாள். நான் கடைசியாகத் தோல் டாக்டரைப் பார்த்து ஒன்பது வருஷம். களிம்பு வாங்கக் கடைக்காரர் போதும் என்று இருந்தேன்.

ஏப்ரல் 8

குழிக்குள் இறங்கத்தான் தடை, மொட்டை மாடி மோட்டார் அறைக்கு இல்லை. இன்று ஒரு ஆறு மாடிக் கட்டடம். லிஃப்டைத் தூக்கும் இரும்பு வடத்தில் செந்தூள் படிந்திருந்தது. காவலாளி துணியோடு வந்தார். "வெறும் தூசிதான் சார், துடைச்சிடலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது தூசி இல்லைங்க. வடத்துக்கு உள்ள இருக்கிற கம்பிங்க ஒண்ணோட ஒண்ணு உரசித் தேயுது. அந்தத் தூள்தான் வெளிய வருது. துடைச்சா தூள் போகும், தேய்மானம் போகுமா?" என்று பாடம் எடுத்து, லிஃப்டைப் பூட்டி சீல் வைத்தேன். படியிறங்கி வந்து வாசல் பலகையைப் பார்த்தேன். ஆறாவது மாடி, தோல் மருத்துவர்.

நாளைக்கு நான் வர வேண்டிய இடம். தன் கையே தனக்குதவி.

ஏப்ரல் 9

ஆறு மாடி ஏறினோம். படியெல்லாம் மூச்சு வாங்குகிற ஜனம். "எந்தப் புண்ணியவான் இதப் பூட்டினானோ" என்றார் ஒரு பெரியவர். "ஆமாங்க, அக்கறையில்லாத ஜென்மங்க" என்று நானும் ஒத்துப் பாடினேன்.

நான்காம் மாடியில் பாட்டு நின்றது. நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றினாற்போல் இருந்தது. படியில் உட்கார்ந்தேன். மேலே போய்க்கொண்டிருந்த மனைவி திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அது விட்டது. சட்டையின் முதல் பொத்தானை அவள் கழற்றிவிட்டதைப் பிறகுதான் கவனித்தேன்.

டாக்டரம்மா சின்ன உருவம், பெரிய மூக்குக் கண்ணாடி. என் சட்டைக் கையைத் தானே மடித்து, வெறும் விரலால் முழங்கையைத் தடவிப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் என் மனைவியைத் தவிர யாரும் அங்கே அப்படித் தொட்டதில்லை. அந்த நேரம் பார்த்து மனைவி படியில் நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

பத்து நிமிஷம் உட்காரவைத்து, மூன்று தடவை பிரஷர் பார்த்தார். நூற்று எழுபத்திரண்டு. இந்த முறை இரவல் இல்லை.

"இத வெறும் தோல் வியாதின்னு நினைச்சிட்டிருந்தீங்களா? இது உடம்பு முழுக்க இருக்கிற அழற்சிங்க. தோல்ல வர்றது கண்ணுக்குத் தெரியுது. ரத்தக் குழாய்லயும் அதே வேலை நடக்கலாம். சொரியாசிஸ் இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு வர்ற வாய்ப்பு மத்தவங்களவிட அதிகம். அதுவும் உங்களுக்கு இருக்கிற அளவுக்கு. கூடவே பிரஷரும் இருந்தா கேக்கவே வேணாம். உங்ககிட்ட இதை யாரும் சொல்லலையா?"

சொல்ல நான் யாரிடம் போனேன்? "அப்ப… உதிர்றது வெளிய, தேயுறது உள்ள" என்றேன்.

"அழகாச் சொல்றீங்களே. என்ன வேலை பாக்கறீங்க?"

நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். "கீழ லிஃப்டப் பூட்டினதே இவர்தாங்க" என்றாள் மனைவி.

டாக்டரம்மாவும் காலையில் ஆறு மாடி ஏறித்தான் வந்திருப்பார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்லதாப் போச்சு. லிஃப்ட் ஓடியிருந்தா உங்க நெஞ்சு வலி எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லி, இன்றே இதய டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதினார்.

ஏப்ரல் 10

இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்றில் எண்பது சதவீதம் அடைப்பு. நாளைக் காலையில் ஸ்டென்ட்.

பயமா இருக்கு. பதினாறு வருஷமா முழங்கை யார் கண்ணுலயாவது பட்டுடுமோன்னுதான் பயந்தேன். பயப்பட வேண்டியது வேற எங்கேயோ இருந்திருக்கு. இவ தூங்காம சுவரப் பாத்துட்டு உக்காந்திருக்கா. நான் இல்லாட்டி வீட்டுல கூட்டுறதுக்கு ஒண்ணுமிருக்காதுன்னு சிரிக்கவைக்கப் பாத்தேன். அழுதுட்டா. நான் ஒரு மடையன்.

ஏப்ரல் 14

ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஒல்லி பார்க்க வந்தான். பயந்துபோய் மூன்று இடத்தில் பிரஷர் பார்த்தானாம். எங்கும் நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபது. அன்றைக்குப் படியில் ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டியதால்தான் ஏறியிருக்கிறது.

அதாவது, அவன் கையில் எடுத்த பொய்க் கணக்குதான் என்னைப் பற்றி உண்மையைச் சொல்லியிருக்கிறது. ஒழுங்காக நடந்து வந்திருந்தால் நான் நூற்றுப் பதினெட்டு என்ற தகுதிச் சீட்டோடு ஏதாவது ஒரு குழிக்குள் விழுந்து கிடந்திருப்பேன். சோம்பேறியாக இல்லாததற்கு அவனுக்கு நன்றி சொன்னேன். "அடுத்த தடவையும் கூப்பிடு" என்றான். மனைவி பார்த்த பார்வையில் உடனே கிளம்பிவிட்டான்.

ஜூன் 21

மேஜை வேலை. கோப்புக்குக் கயிறு கட்டுகிறேன். நன்றாகவே கட்டுகிறேன். காலையில் நடை, மாத்திரை, வாரத்துக்கு ஒரு ஊசி. தோலும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

செப்டம்பர் 3

அந்த ஆறு மாடி லிஃப்டுக்குப் புது வடம் போட்டுவிட்டார்களாம். டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். படியிலேயே ஏறினேன், நின்று நின்று.

மார்ச் 18

மறுபடியும் தகுதிச் சோதனை. ஒரே வரிசை. காலையில் கிளம்பும்போது மனைவி அரைக்கைச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். போட்டுக்கொண்டேன்.

முழங்கையில் இன்னும் இரண்டு திட்டு இருக்கிறது. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, அரையடி தள்ளி நின்றார். நின்றுகொள்ளட்டும். நர்ஸ் பிரஷர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "வலிக்குமா?"

"வலிக்காது. தொத்தவும் தொத்தாது. இறுக்கிக் கட்டுங்க."

நூற்று இருபத்தாறு. திங்கட்கிழமை முதல் குழிக்குள் இறங்கலாம்.

எழுந்திருக்கும்போது பின்னால் நின்ற ஒல்லி காதோடு கிசுகிசுத்தான். இந்த வருஷம் கொழுப்பு பார்க்க ரத்தமும் எடுக்கிறார்களாம். ஊசி என்றாலே அவனுக்கு மயக்கம் வருமாம். "உனக்குத்தான் எல்லாம் பழகிப்போச்சே. எனக்கும் சேத்து நீயே குடுத்துடேன்."

அவனை நாற்காலியில் பிடித்து உட்காரவைத்தேன். அவன் கைப் பொத்தானை நானே கழற்றி, முழங்கைக்கு மேல் மடித்துவிட்டேன்.