கொற்றிப் பேரேரியின் மதகுக் கதவை அறுப்பது குறித்து யவனத் துறையிலிருந்து வந்த ஓலை

நீர் பொலிக. நிலம் பொலிக. கரை நிற்க.

நாவல் நிழலும் நன்னீரும் குறையாத கருநாவல் நாட்டைக் கண்ணும் கருத்துமாய்க் காப்பவரும், பகைவர் முன் இடியும் பசித்தவர் முன் இலையுமாய் நிற்பவரும், எத்துணை நீண்ட விண்ணப்பம் படிக்கப்பட்டாலும் கொட்டாவியை முன்றானைக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் பெருந்தகைமையருமாகிய வேண்மாள் வெண்கோதையார் திருமுன்பு, மேல்கடலுக்கு அப்பால் யவனரின் எண்ணகர்த் துறையில் கருவாடும் புளித்த அப்பமும் தின்று, அப்படியும் இளைக்காத தூதன் குறும்பொறைத் தத்தன் தலைமேல் கைகூப்பி விடுக்கும் ஓலை. தேவியார்க்கும், பட்டத்து யானைக்கும், ஏரிவாரியப் பெருமக்களுக்கும், அவர்தம் கோபத்துக்கும் நலமே உண்டாகுக. திருமுன் செல்லும் ஓலையில் ‘யான்’ என்று எழுதுவது நம் நாட்டு மரபன்று ஆதலின், தத்தன் தன்னைத் தத்தன் என்றே குறித்துக்கொள்கிறான். தான் செய்த கோணல்களை எழுத நேரும்போது இம்மரபு பெரிதும் கைகொடுக்கிறது.

முதலில் கோணலைச் சொல்லிவிடுவதே முறை. பிறர் வாயிலாகத் தேவியார் செவிக்கு எட்டினால் அதற்குக் காலும் கையும் முளைத்திருக்கும். எண்ணகர் அவை கூடிய முதல் நாளன்று, தேவியார் தந்தனுப்பிய பொன்னிழை மாலையை அவைத்தலைவர்க்கு அணிவித்து விண்ணப்பத்தைத் தொடங்குவது என்பது ஏற்பாடு. எட்டு நகரங்கள் கூடிய அவைக்குத் தலைவர் ஒருவர் இருப்பார் என்றே நாம் எண்ணினோம். அங்கே தலைமை திங்களுக்கு ஒருவராய்ச் சுற்றி வருவதையும், அன்று அது எவரிடம் வந்து நின்றது என்பதில் அவர்களுக்குள்ளேயே வழக்கு இருந்ததையும் தத்தன் அறியான். எட்டு இருக்கைகளுள் ஒன்றில் ஒருவர் மட்டும் மற்றையோரினும் ஒரு சாண் உயர்ந்து, முகத்தில் பெருந்துயர் தேங்க, அசையாது வீற்றிருந்தார். உயரமும் துயரமும் ஒருங்கே உடையவர் தலைவராய்த்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிய தத்தன், மாலையை அவர் கழுத்தில் இட்டு, மெய்க்கீர்த்தி முழுவதையும் இராகத்தோடு பாடி முடித்தான். பாடி முடித்த பின்னரே துபாசி எயினி அவன் காதருகே குனிந்து, “அண்ணே, அவர் தோரவ நகரத்துப் பண்டகசாலைத் தலைவர் பெலிக்கோன். மூலநோய்க்காக இரண்டு மெத்தை போட்டு உட்கார்ந்திருக்கிறார்” என்றாள்.

ஏனைய எழுவரும் எழுந்து போயினர். வாயிலில் ஒருவரை ஒருவர் முந்தவிடாமல் நெருக்கிக்கொண்டதால் அவர்கள் போய்முடியவே நெடும்பொழுது ஆயிற்று. பெலிக்கோன் மட்டும் மாலையும் கழுத்துமாய் அங்கேயே இருந்தார். எழுவது அவர்க்கு எளிதன்று. இந்த எயினி, மிளகு வாணிகன் ஒருவனை மணந்து இத்துறையில் குடியேறிய நம் நாட்டுப் பெண். யவன மொழியைத் தெளிவாகவும் தத்தனை ஒளிவு மறைவின்றியும் பேசுபவள். வெளியே வந்ததும் அவள், “ஒரு மாலையை எட்டாய் அறுத்தாவது போட்டிருக்கலாம், இப்போது எட்டுப் பேர் வாசலிலும் தனித்தனியாக நிற்கப்போகிறோம்” என்றாள். அவ்வாறே ஆயிற்று.

தத்தன் எதற்காகக் கடல் கடந்தான் என்பது தேவியார்க்குத் தெரியும். எனினும் இவ்வோலை சுவடிச்சாலையில் வைக்கப்படுமாதலின், பின்னாளில் படிப்பவர் திகையாதிருக்க இங்கே குறிக்கப்படுகிறது. சென்ற பெருமழையில் கொற்றிப் பேரேரி மதகோடு உடைந்து தாழைச்சேரி நீரில் மூழ்கியதும், யவன நகரங்கள் எட்டும் உதவ முன்வந்தன. அவர்கள் கெட்டவர் அல்லர். கொடுக்கும்போது கண்கலங்கியே கொடுத்தனர். ஆயினும் எட்டு நகரங்களும் எட்டுக் கொடைப் பண்டகசாலை வைத்திருப்பதால், எட்டும் தத்தமக்குத் தோன்றியதைத் தாமே அனுப்பின. கெல்லவ நகரம் மதகுக்குக் கல்நிலை தந்தது. தோரவ நகரம் கதவு தந்தது. மற்றொன்று கயிறு தந்தது. வேறொன்று மதகு திறக்கும்போது அடிக்க வெண்கல மணி தந்தது. பிறிதொன்று, நீர் பள்ளம் நோக்கிப் பாயும் என்பதை நம் குடிகளுக்கு விளக்க ஓர் அறிஞரையே தந்தது. ஒவ்வொரு நகரத்தின் கண்காணியும் தனித்தனியே வந்து பார்த்தார். வருபவரை வெறுங்கரையில் நிறுத்துவது நம் நாட்டுக்கு இழுக்கு அன்றோ? எனவே மண் சுமக்க வந்தவர் எல்லாரும் ஒவ்வொரு முறையும் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பந்தற்கால் நட்டனர். ஒரு கண்காணி, கதவே பொருத்தாத மதகைச் சுற்றி வந்து, இது ஒழுகுகிறதா என்று கனிவுடன் வினவினார்.

கதவு பொருந்தாத காரணம் உலகறிந்தது. யவன நகரம் ஒவ்வொன்றும் தன்னைத் தோற்றுவித்த முதல் வேந்தனின் முன்கையையே முழமாகக் கொள்கிறது. தோரவத்து முதல் வேந்தன் நெடுங்கையன், கெல்லவத்தானோ குள்ளன். ஆகவே அவர்களின் நான்கு முழக் கதவு, இவர்களின் நான்கு முழ நிலைக்குள் ஒரு சாண் மிகுந்து நுழைய மறுத்தது. நம் தச்சரிடம் வாள் இருந்தது. அறுக்கத்தான் உரிமை இல்லை. கொடையைக் கொடுத்தவரின் இசைவின்றி அதன்மேல் கருவி வைப்பது கொடையாளரை அவமதிப்பது என்றும், வைத்தால் எந்த நகரமும் இனி நமக்கு எதுவும் தராது என்றும் ஒப்பந்தம். தேவியார் அதற்குக் கையடித்து வாக்களித்துள்ளார். போதாக்குறைக்கு அக்கதவில் தோரவத்தின் சிங்கம் இவ்விளிம்பில் மூக்கும் அவ்விளிம்பில் வாலுமாக நெடுகப் படுத்திருக்கிறது. எந்தப் பக்கம் அறுத்தாலும் சிங்கத்துக்குச் சேதம். எனவே கதவு கரைமேல் கீற்றுக்கொட்டகையில் சாய்ந்து கிடக்க, குடிகள் அதற்கு வெள்ளிதோறும் பூச்சாத்தத் தொடங்கிவிட்டனர்.

ஐப்பசி அடைமழை வருமுன் அறுப்பதற்கு இசைவு பெற வேண்டும். கூடவே, எட்டுப் பண்டகசாலைகளையும் ஒன்றாக்கி, ஒரே முழமும் ஒரே கண்காணியும் வைத்து, என்ன வேண்டும் என்று பெறும் ஊரை முதலில் கேட்டு, அதன்பின் கொடுக்குமாறும் வேண்ட வேண்டும். இதுவே தேவியார் இட்ட பணி. புறப்படும்போது ஏரிவாரியத் தலைவர் சேந்தியார் துறைவரை வந்து, “ஓய் தத்தரே, இசைவோடு வாரும். இல்லையேல் வெள்ளம் வரும்போது உம்மையே மதகுக்குக் குறுக்கே கிடத்துவோம்; நிலையின் அகலத்துக்கு நீர்தான் சரியாக இருப்பீர்” என்று வழியனுப்பினார். கப்பலில் இருந்தவர் எல்லாம் சிரித்தனர், தத்தனும் சிரித்தான். ஆனால் சென்ற வெள்ளத்தில் சேதம் பார்க்கப் போன அவனைத் தாழைச்சேரியார் ஒரு கூரைமேல் இழுத்துப் போட்டதும், அவர்களிடம் நனையாதிருந்த ஒரே பாயை அவனுக்கு விரித்துவிட்டுத் தாம் இரவு முழுதும் குந்தியிருந்ததும் அவனுக்கு மறக்கவில்லை. அப்பாய் இன்னும் அவன் முதுகில் ஒட்டியிருப்பதுபோலவே தோன்றுகிறது.

மாலையால் வந்த மனக்கசப்பினால் அவை மீண்டும் கூடவில்லை. எனவே தத்தனும் எயினியும் வாயில் வாயிலாக ஏறி இறங்கினர். தேவியாரின் கருத்தை வியவாதார் ஒருவரும் இல்லை. கெல்லவத்துப் பண்டகசாலைத் தலைவியாகிய அம்மையார், எட்டையும் ஒன்றாக்குவது மிக உயர்ந்த எண்ணம் என்றும், அதை ஆராய்வதற்கென்றே ஒன்பதாவது பண்டகசாலை ஒன்றைத் தாமே முன்னின்று தொடங்குவதாகவும் அருளினார். கதவு குறித்துக் கேட்டதற்கு, நிலை சரியாகவே உள்ளது என்றும், கதவைப் பற்றித் தாம் கருத்துரைப்பது தோரவத்தின் உள்விவகாரத்தில் தலையிடுவதாகும் என்றும் கூறினார். அடுத்தவர், தம் முழத்தை அனைவரும் ஏற்பதாயின் ஒரே முழத்துக்குத் தாம் உடன்படுவதாகச் சொன்னார். அதற்கடுத்தவரும் அச்சு மாறாமல் அதையே சொன்னார். மணி கொடுத்த நகரத்தார், மணி நன்றாக ஒலிக்கிறதா என்று கேட்டனர். எல்லாரும் முடிவில் ஒரு சொற்றொடரைச் சொன்னார்கள். எயினி அதை ஒவ்வொரு முறையும் ‘ஆவன செய்யப்படும்’ என்றே பெயர்த்தாள். அதற்கு என்ன பொருள் என்று தத்தன் வினவியபோது, “அண்ணே, நம் அரண்மனையில் இதே சொல்லை நீங்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்? அதே பொருள்தான்” என்றாள். தத்தன் அன்று பகலுணவை மெல்லவே உண்டான்.

தோரவத்துப் பெலிக்கோனிடம் மட்டும் போக அவனுக்குக் கூச்சமாய் இருந்தது. அவரை எழுவர் நடுவே நகைப்புக்கு ஆளாக்கியது இவன் மாலை அன்றோ? ஆயினும் கதவு அவர் நகரத்தது. தயங்கித் தயங்கிப் போனபோது, அவர் பண்டகசாலை முற்றத்தில் அதே இரட்டை மெத்தைமேல், ஒரு பக்கம் சாய்ந்தும் மறுபக்கம் சாய்ந்தும் நெளிந்துகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் தத்தன் கொண்டுபோன விண்ணப்பம் முழுவதும் மறந்துபோயிற்று. கப்பலில் தன் படுக்கைக்கென்று வைத்திருந்த இலவம்பஞ்சு அவன் நினைவுக்கு வந்தது. வலி எவ்விடத்தில், எவ்வளவு உயரம் வேண்டும், நடுவே குழி வேண்டுமா என்று கேட்டுச் சொல்லுமாறு எயினியை வேண்டினான். அவளோ, “மூன்றாவது கேள்வியை நான் கேட்கமாட்டேன், கையால் காட்டிக்கொள்ளுங்கள்” என்று சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். தேவியாரின் தூதனும் தோரவத்துப் பண்டகசாலைத் தலைவரும் அதன்பின் நடத்திய கைச்சாடைப் பேச்சுவார்த்தை இருநாட்டு ஆவணங்களிலும் இடம்பெறாதிருப்பதே நலம்.

மறுநாள் நடுவே குழி வைத்துத் தைத்த பஞ்சு மெத்தை ஒன்று அவர் இருக்கையில் இடப்பட்டது. பெலிக்கோன் அமர்ந்தார். அவர் இப்போது மற்றையோரின் உயரத்துக்கே இறங்கியிருந்தார். முகத்தில் துயரம் குறைந்ததால் தலைமைக் களையும் குறைந்திருந்தது. பின்னர், முன்பிருந்த மெத்தைகளைத் தம் நகர மருத்துவர் குழு தம்மை ஒன்றும் கேளாமலே அனுப்பியதாகவும், மரியாதைக்காகத் தாம் அவற்றின்மேல் அமர்ந்திருந்ததாகவும் சொல்லத் தொடங்கியவர், பாதியில் தம் சொல்லைத் தாமே கேட்டவர்போல் நிறுத்திக்கொண்டார். தத்தனை ஒருமுறை பார்த்தார். தத்தன் கூரையைப் பார்த்தான்.

அப்போதுதான், மெய்க்கீர்த்தி இல்லாமல், இராகம் இல்லாமல், தாழைச்சேரியில் வீட்டுக்கு வீடு கேட்பதுபோலத் தத்தன் கேட்டான்: எட்டும் ஒன்றாகுமா, ஆகாதா? கதவை அறுக்கலாமா, கூடாதா? எயினியும் கூட்டாமல் குறைக்காமல் பெயர்த்தாள்.

பெலிக்கோன் சொன்னது இது: “எட்டும் ஒன்றாகாது. என் காலத்தில் ஆகாது, எனக்குப் பின் வருபவர் காலத்திலும் ஐயமே. எங்கள் நகரத்தார் கொடுப்பது உங்கள் ஏரிக்கு அன்று, எங்கள் சிங்கத்துக்கு. எட்டு நகரமும் ஒரே கதவாய்க் கொடுத்தால் நன்றியை யார் வீட்டுக்கு எடுத்துப்போவது என்று கதவு போய்ச்சேருமுன் சண்டை வரும். இதை எவரும் உம்மிடம் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன், போய் உம் அரசியிடம் சொல்லும். ஆனால் அக்கதவு என் பண்டகசாலைக் கதவு. எங்கள் முழம் உங்கள் மதகுக்குத் தவறு. அறுத்துக்கொள்ளுங்கள். மூக்கை விட்டுவிடுங்கள், வாலை எடுங்கள். வாலில்லாத சிங்கமும் நீரைத் தாங்கும். எவரேனும் கேட்டால் பெலிக்கோன் அறுக்கச் சொன்னான் என்க. இனி நான் அனுப்பும் எதுவும் உங்கள் ஊர்க்கோலில் அளந்தே வரும், கோலை அனுப்புங்கள்.”

இசைவின்மேல் தோரவத்து அரக்கு முத்திரை இடப்பட்டு இவ்வோலையுடன் கட்டப்பட்டுள்ளது.

ஆதலின், வேண்மாள் வெண்கோதையார் தத்தன் கையில் தந்தனுப்பிய கணையாழியின் அதிகாரத்தால், அவர் திருவாணையாக ஏரிவாரியத்துச் சேந்தியார்க்கும் பெருந்தச்சர்க்கும் இடப்படும் கட்டளை: ஓலை கண்ட பொழுதே கதவின் வால்புறத்து ஒரு சாண் அறுத்து நிலையில் பொருத்துக. இனி எந்தக் கண்காணி வரினும் பந்தல் வேண்டா; மோர் போதும். மதகின் வாயை அளந்து நன்கு முற்றிய மூங்கிலில் கோல் ஒன்று வெட்டி, மீளும் கப்பலிலேயே தோரவத்துக்கு அனுப்புக. அறுத்தெடுத்த வாலைத் தாழைச்சேரியார்க்குக் கொடுக்க. அவர்கள் அதை என்ன செய்வது என்று இங்கிருந்து ஒருவரும் சொல்லமாட்டார்.

கதவு பொருந்திய செய்தி வரும்வரை தத்தன் இத்துறையிலேயே இருப்பான். மதகில் குறுக்கே கிடத்த வேறு ஆள் தேடற்க.

நாவல் நிழல் நீள்க. ஏரி நிறைக. கரை நிற்க.

இது குறும்பொறைத் தத்தன் சொல். இது தேவியார் கணையாழி.